விபத்தும் வினையும்

சாலையில் ஒரு விபத்து நேர்ந்தால், அதனைக் குறித்து இரண்டு சொற்களையே நாம் பெரும்பாலும் கேட்கிறோம். மாண்டவரின் வீட்டில், “விதி முடிந்தது” என்கிறார்கள். வாகனம் ஓட்டியவரின் வீட்டில், “வேண்டுமென்று செய்யவில்லையே” என்கிறார்கள். இரண்டும் துயரத்தில் பிறக்கும் சொற்கள், ஆறுதலுக்காகச் சொல்லப்படுபவை. ஆனால் கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நம் சமயத்தார் இவ்விரு சொற்களோடு அமைதி கொள்ளலாமா? நாம் வடிகட்டிய நீரைப் பருகுபவர்கள். இரவு உண்ணாமையை நோன்பாகக் காப்பவர்கள். அடுப்பு மூட்டுமுன் விறகில் எறும்பு உண்டா என்று பார்த்த பாட்டிமார்களின் மரபில் வந்தவர்கள். அத்தகைய நாம், வாகனத்தில் அமர்ந்தவுடன் அவ்வறத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்படுகிறோமோ என்பதைச் சிந்திப்பது கடமையாகும்.

இது சிறிய செய்தி அன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் மாண்டவர் 1,68,491 பேர். காயமுற்றவர் 4,43,366 பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 460 உயிர்கள் என்று ஆகிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடத்தில் நின்றது நம் தமிழ்நாடே: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். நாடெங்கும் மாண்டவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு மேல் மிகை வேகத்தால் நேர்ந்த விபத்துகளில் மாண்டனர் என்றும் அதே கணக்கு கூறுகிறது.

நம் குடும்பத்தார் பலர் கழுகுமலைச் சிற்பங்களையும் சிதறால் மலையையும் தரிசிக்கத் தென்னாட்டுக்குச் செல்கின்றனர். வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளிலிருந்து வேன் அமர்த்திக்கொண்டு இரவெல்லாம் பயணம் செய்வோரும் உளர். சிதறாலைக் கண்டபின் திருநெல்வேலி வழியாகக் குற்றாலத்துக்குச் செல்வோர், தென்காசியை அடையுமுன் பாவூர்சத்திரத்தைக் கடந்தாக வேண்டும். நாம் பேசும் பொருளுக்கு அவ்வூரே தக்க எடுத்துக்காட்டு ஆகும்.

திருநெல்வேலி–தென்காசி நெடுஞ்சாலையில், கடையத்துக்கும் சுரண்டைக்கும் சாலைகள் பிரியும் ஊர் அது. சுற்றுவட்டார உழவர்களின் காய்கறி வந்து குவியும் தினசரிச் சந்தை அங்கே உண்டு. அங்கிருந்து லாரிகள் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குச் செல்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரலை நாடுவோரின் கார்களும், கார்த்திகை முதல் தை வரை சபரிமலை செல்வோரின் வாகனங்களும் அதே சாலையில் வந்து சேர்கின்றன. பள்ளிப் பிள்ளைகளும், பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்களும், சந்தைக்கு வந்த முதியவர்களும் அதே சாலையைத்தான் நடந்து கடக்க வேண்டும். சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தும் பணி அண்மை ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டது. சாலை அகன்றால் நெரிசல் குறையும். அதனோடு வேகமும் கூடும். விரைபவருக்கு அது வழியில் வரும் ஓர் ஊர். நடப்பவருக்கு அதுவே வாழும் ஊர். இவ்விருவரும் சந்திக்கும் இடத்தில்தான் நம் வினாவும் எழுகிறது.

இம்சை எது?

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கையில், உயிரைப் போக்குவதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அச்செயலுக்குப் பின்னே பிரமாதம் இருத்தலையும் இலக்கணத்தில் சேர்த்தார். பிரமாதம் என்னும் சொல் இன்று நம் பேச்சில் ‘மிகச் சிறப்பு’ என்ற பொருளில் வழங்குகிறது. சமய நூல்களில் அதன் பொருள் முற்றிலும் வேறு. விழிப்பின்மை, அசட்டை, தன்னை மறந்த நிலை ஆகியவற்றையே அது குறிக்கும்.

பொன்னூர் மலையோடு தொடர்புபடுத்தி நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியர், பிரவசனசாரத்தில் இக்கருத்தை இன்னும் தெளிவாக்கினார். ஒருவன் இம்சை செய்தானா என்பதற்கு, எதிரே இருந்த உயிர் பிழைத்ததா, மாண்டதா என்பதை அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. அவன் விழிப்போடு நடந்தானா என்பதே அவருடைய அளவுகோல். விழிப்பற்றவனுக்கு, ஓர் உயிரும் சாகாத நாளிலும் இம்சை உண்டு. விழிப்போடு நடந்தவனுக்கு, தடுக்க இயலாத வகையில் ஓர் உயிர் மாண்டபோதிலும், அம்மரணம் ஒன்றினால் வினை கட்டுவதில்லை. ஆசாரியர் இதனைத் துறவியரை நோக்கியே அருளினார். எனினும் அளவுகோல் இல்லறத்தார்க்கும் ஒன்றுதான். நோன்பின் அளவே வேறு.

இதனைச் சாலையில் வைத்துப் பார்ப்போம். இருவர் பாவூர்சத்திரம் சந்தையருகே ஒரே வேகத்தில் மோட்டார் சைக்கிளில் செல்கின்றனர் என்று கொள்வோம். இருவரும் ஒரு கையால் கைப்பேசியைக் காதில் வைத்துப் பேசுகின்றனர். முதலாமவன் ஊரைக் கடந்து வீடு சேர்கிறான். இரண்டாமவன் முன் ஒரு குழந்தை ஓடி வருகிறது, அவன் மோதுகிறான், குழந்தை இறக்கிறது. உலகம் இரண்டாமவனைக் குற்றவாளி என்கிறது. முதலாமவனை எவரும் நினைப்பதில்லை. அவனும் தன்னை, “இருபது ஆண்டுகளாக ஓட்டுகிறேன், ஒரு விபத்தும் இல்லை” என்று மெச்சிக்கொள்கிறான். குந்தகுந்தரின் அளவுகோலால் அளந்தால், அவ்விருவரின் பிரமாதமும் ஒன்றே. முதலாமவனைக் காத்தது அவனுடைய அறம் அன்று. குழந்தை அப்போது அங்கே வராமையே. விபத்தில்லாத ஆண்டுகளை எண்ணிப் பெருமை கொள்வதை விடுத்து, விழிப்பில்லாத நாழிகைகளை எண்ணி நாணுவதே நமக்குத் தகும்.

இது துறவு நூலுக்கு மட்டும் உரிய நுட்பம் என்று எண்ண வேண்டா. நாட்டின் சட்டமும் இதே பாகுபாட்டை ஓரளவு ஏற்றுள்ளது. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தலைத் தண்டிக்கிறது. 281-ஆம் பிரிவோ, பிறர் உயிருக்கு இடர் நேரும்படி கண்மூடித்தனமாக வாகனம் ஓட்டுவதையே குற்றமாகக் கொள்கிறது. எவருக்கும் காயம் பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டமும் இவ்வாறே வகுத்திருந்தது.

விதி முடிந்தது என்னும் வாதம்

“அவரவர் வினை, அவருடைய ஆயுள் அவ்வளவுதான், ஓட்டியவர் வெறும் கருவி” என்று நம்மவரே சிலர் கூறுகின்றனர். வினைக் கொள்கையை உடைய சமயத்தில் இவ்வாதம் எழுவது இயல்பே. ஆயினும் நம் கொள்கை இதற்கு இடம் தரவில்லை. தத்துவார்த்த சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தின் இறுதியில், இடையில் குறைக்க இயலாத ஆயுளை உடையவர் இன்னார் என்று வரையறுக்கிறது. தேவர், நரகர், அப்பிறவியிலேயே வீடு பெறுவோர் முதலியோரே அப்பட்டியலில் உளர். நம்மைப் போன்ற எளிய மக்களின் ஆயுள், நஞ்சு, படைக்கலம் போன்ற புறக் காரணங்களால் இடையிலேயே குறைந்துபோகக் கூடியது என்பதே உரையாசிரியர்களின் விளக்கம். அகால மரணம் என்று நாம் வழங்குவதும் இதுவே. எனவே, சந்தையிலிருந்து வீடு திரும்பிய முதியவர் வாகனம் மோதி மாண்டால், அவருடைய ஆயுள் தானாக முடிந்தது என்று ஓட்டியவர் கூற முடியாது. முடிந்த ஆயுள் வேறு. முடிக்கப்பட்ட ஆயுள் வேறு. அவ்வாறன்றி மாண்டவரின் பழவினையும் அதில் கலந்திருந்ததென்றே வைத்துக்கொண்டாலும், அது அவருடைய கணக்கு. ஓட்டியவரின் பிரமாதம் ஓட்டியவருடைய கணக்கிலேயே சேரும். ஒருவர் வினையை மற்றொருவர் கழிக்க முடியாது என்பது நம் சமயத்தின் அடிப்படை அன்றோ?

பதினைந்து பிரமாதங்கள்

நம் நூலோர் பிரமாதத்தைப் பதினைந்தாகப் பிரித்தனர்: வீண்பேச்சு நான்கு, கஷாயம் நான்கு, பொறிகள் ஐந்து, உறக்கம் ஒன்று, பற்று ஒன்று. மோட்டார் வாகனம் இல்லாத காலத்தில் வகுத்த இப்பட்டியலை இன்றைய சாலையோடு ஒப்பிட்டால், விபத்தின் காரணங்கள் ஏறக்குறைய அனைத்தும் இதில் அடங்கிவிடுகின்றன.

வீண்பேச்சு இன்று கைப்பேசி வழியாக வருகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். வந்த செய்தியைப் பார்க்க இரண்டு நொடி கண்ணைத் தாழ்த்தினால், 33 மீட்டர் தூரத்தைக் குருடராகக் கடக்கிறோம். அந்த 33 மீட்டருக்குள் ஒரு தெருவே அடங்கிவிடும்.

கஷாயங்களுள் சினம், பின்னால் ஒலிப்பான் அடித்தவனைப் பழிவாங்கத் தூண்டுகிறது. செருக்கு, தன்னை ஒருவன் முந்துவதைப் பொறுக்கவிடுவதில்லை. மாயம், காவலரைக் கண்டபோது மட்டும் தலைக்கவசத்தை அணியச் செய்கிறது. உலோபம், ஒரு நடை கூடுதலாக ஓட்டினால் இவ்வளவு கிடைக்கும் என்று கணக்கிடுகிறது.

வேகத்தின் கணக்கையும் இங்கே பார்ப்பது நலம். பாவூர்சத்திரத்திலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வழியெல்லாம் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 60 கிலோமீட்டர் வேகத்தில் 40 நிமிடம். 80 கிலோமீட்டர் வேகத்தில் 30 நிமிடம். மிச்சம் பத்தே நிமிடம். ஆனால் மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடியாக உயர்வதால், அது ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகிறது. பிரேக் பிடித்தபின் வாகனம் நிற்கத் தேவையான தூரமும் அவ்வாறே நீளும். சாரல் நனைத்த சாலையில் அது இன்னும் நீளும். பத்து நிமிடத்துக்காகப் பிறர் உயிரை இவ்வளவு இடருக்கு உள்ளாக்குவது எவ்வகை வாணிகம்?

உறக்கத்தை நூலோர் தனியே ஒரு பிரமாதமாக எண்ணியது நம்மவர் சிறப்பாகக் கருதத் தக்கது. நம் வீடுகளில் மது இல்லை. ஆகவே குடித்துவிட்டு ஓட்டும் குற்றம் நம்மைச் சாராது என்று நாம் நிம்மதி கொள்கிறோம். நல்லது. ஆனால் இரவெல்லாம் விழித்து ஓட்டிய ஓட்டுநருக்கு விடியற்காலையில் கண் சொருகும்போது, மதுவுண்டவனுக்கும் அவருக்கும் வேறுபாடு மிகச் சிறிதே. அந்த வேனை அமர்த்தி, “பொழுது விடியுமுன் போய்ச் சேர வேண்டும்” என்று விரட்டியவர்கள் நாமாக இருந்தால், பொறுப்பும் நம்முடையதே.

நோன்பும் விரைவும்

நம் சமயத்தாருக்கே உரிய ஓர் இக்கட்டும் உண்டு. இரவு உண்ணாமையை நோன்பாகக் கொண்டவர், பொழுது சாயுமுன் வீடு சேர்ந்து உண்ண வேண்டும் என்று வாகனத்தை விரட்டுகிறார். மாலை நேரம் சாலையில் கூட்டம் மிகுந்த நேரம். வெளிச்சம் மங்கி, நடப்பவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத நேரம். நோன்பு காக்கும் எண்ணம் தூயதே. ஆயினும் இரவு உண்ணாமை எதற்காக ஏற்பட்டது? விளக்கைச் சுற்றி உணவில் விழும் சிற்றுயிர்கள் மாளாதிருக்க அன்றோ? சிற்றுயிரைக் காக்கும் நோன்புக்காக ஐயறிவுயிரை இடருக்கு உள்ளாக்குவது, நோன்பின் உயிரைவிட்டு உடலைப் பற்றுவதாகும். வழியில் பகலிலேயே உண்ண உணவு எடுத்துச் செல்லலாம். சற்று முன்னதாகப் புறப்படலாம். இரண்டும் இயலாதபோது அன்றைய மாலை உணவை விட்டுவிடலாம். ஒருவேளை உண்ணாமையால் நம் நோன்பு மேலும் சிறக்குமேயன்றிக் குன்றாது.

பிறர் கையில் தரும் கருவி

நம் இல்லறத்தாருக்குரிய குணவிரதங்களுள் ஒன்று அனர்த்ததண்ட விரதம். பயனின்றிப் பிற உயிர்க்கு ஊறு செய்யாமை என்பது அதன் பொருள். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதனைப் பின்பற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இவ்விரதத்தை விளக்குவதை நம் குடும்பங்கள் அறியும். அதன் வகைகளுள் ஒன்று இம்சாதானம். கொலைக்குரிய கருவிகளைப் பிறர் கையில் கொடுப்பதே இம்சாதானம். வாள், நஞ்சு, தீ என்று பழைய உரைகள் எடுத்துக்காட்டுத் தரும். இன்று அப்பட்டியலில், உரிமம் பெறாத சிறுவன் கையில் தந்தை கொடுக்கும் மோட்டார் சைக்கிள் சாவியையும் சேர்க்க வேண்டும். பையன் நன்றாக ஓட்டுகிறான் என்று மகிழ்வது பாசம். சாவியைக் கொடுப்பது இம்சாதானம். 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும், இத்தகைய சிறுவன் குற்றம் புரிந்தால் அவனுடைய காப்பாளரையோ வாகன உரிமையாளரையோ குற்றவாளியாகக் கொள்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அதற்குரிய தண்டனை.

கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைச் சொல்வார்கள். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல் ஆகியவற்றோடு, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதலும் உணவும் நீரும் தடுத்தலும் அவற்றுள் அடங்கும். வண்டி மாட்டையும் ஏவலாளையும் மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை இவை. வாணிபம் செய்யும் நம்மவர், லாரியில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றச் சொல்லும்போதும், ஓட்டுநரை உண்ணவும் உறங்கவும் விடாது அடுத்த நடைக்கு அனுப்பும்போதும், அவ்விரு அதிசாரங்களும் அப்படியே நிகழ்கின்றன. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையும், தொடர்ந்து ஐந்து மணி நேரம் உழைத்தால் அரைமணி நேர ஓய்வும் வகுத்திருந்தது. சட்டம் அதனை வகுக்குமுன்பே நம் நாட்டில் வழிநெடுகச் சத்திரங்கள் இருந்தன. பாவூர்சத்திரம் என்னும் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கன் களைப்பாறாமல் மேலே செல்லலாகாது என்று எண்ணிய அறவோர் கட்டியவை அவை. ஓட்டுநர் உறங்க இரண்டு மணி நேரம் கொடுப்பது பயணத்துக்கு இடையூறு அன்று; அதுவும் ஓர் அறச்சாலையே.

சிற்றுயிர் பற்றிய ஐயம்

“வாகனம் ஓடினாலே எத்தனையோ பூச்சிகள் மாள்கின்றன. அவற்றை விடுத்து மனிதரை மட்டும் பேசுவது எவ்வாறு?” என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. இதன்பொருட்டே நம் துறவியர் வாகனம் ஏறுவதில்லை. நான்கு முழ தூரம் முன்னே நோக்கி, நிலத்தைப் பார்த்து அடிவைத்து நடக்கின்றனர். ஈரியா சமிதி என்பது அதுவே. இல்லறத்தார்க்கு அவ்வளவு இயலாது என்பதனாலேயே மகாவிரதத்தை அணுவிரதமாக்கித் தந்தனர். தொழிலிலும் வாழ்க்கையிலும் தவிர்க்க இயலாது நேரும் இம்சையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்களே அன்றி, முற்றும் இயலாதது என்பதால் அனைத்தையும் கைவிடச் சொல்லவில்லை. தேவையற்ற பயணத்தைக் குறைப்பது திக்விரதத்தின் கருத்தோடு ஒத்தது. செல்லும் பயணத்தில் மெல்லச் செல்பவர், குறுக்கே வரும் ஆட்டையும் நாயையும் கண்டு நிறுத்த இயலும், விரைபவருக்கு இயலாது.

நடந்தே விகாரம் செய்யும் துறவியர் நெடுஞ்சாலைகளில் வாகனம் மோதி உயிரிழந்த செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்து பலமுறை வந்துள்ளன. எறும்பை மிதியாதிருக்க நிலம் நோக்கி நடந்தவரை, எதிரே நோக்காது வந்தவர் கொன்றார் என்பதைவிட நம் காலத்தின் நிலையை விளக்க வேறு சொல் வேண்டா.

விபத்துக்குப் பின்

முழு விழிப்போடு ஓட்டியும் ஒருவருக்கு விபத்து நேரக்கூடும். அவருக்குக் குந்தகுந்தரின் கருத்து பெரும் ஆறுதல். ஆனால் அந்த ஆறுதல் நின்று உதவியவருக்கே உரியது. அஞ்சி ஓடிவிடுபவர், வராத பழியைத் தாமே வலிந்து தேடிக்கொள்கிறார். காயமுற்றவருக்கு உதவியவரைக் காவல் துறையோ மருத்துவமனையோ அலைக்கழிக்கலாகாது என்ற நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30-ஆம் நாள் சட்டத்தின் ஆற்றலை அளித்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அப்பாதுகாப்பு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இடம்பெற்றது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18-ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்க ஏற்பட்டது. ஆகவே வழக்கு வருமோ, செலவு வருமோ என்று அஞ்சி விலகிச் செல்லக் காரணம் இல்லை. 108 என்னும் எண்ணை அழைப்பது எவருக்கும் இயலும்.

நாம் செய்யக் கூடியவை

நம் வீடுகளில் பயணம் புறப்படுமுன் பஞ்ச நமஸ்காரம் ஓதும் வழக்கம் உண்டு. அவ்வழக்கம் வாழ்க. ஓதி முடித்த கையோடு சீட் பெல்ட்டைப் பூட்டுவோம். தலைக்கவசத்தை அணிந்து வாரை இறுக்குவோம். பல ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்த அறிஞர்கள், தலைக்கவசம் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் மரண வாய்ப்பை 42 விழுக்காடு குறைப்பதாகக் கண்டனர். தன்னுயிரைப் பேணுவதும் கொல்லாமையின் ஒரு கூறே. கைப்பேசியை எட்டாத இடத்தில் வைப்போம். ஊர் எல்லை தொடங்கும் இடத்தில் வேகத்தைக் குறைப்போம். மாலையில் பிரதிக்கிரமணம் செய்யும்போது, அன்று ஓட்டிய வழியையும் நினைவில் ஓட்டிப் பார்ப்போம்: எங்கே கண் விலகியது, எவர்மேல் சினம் வந்தது, எந்த வளைவில் அதிர்ஷ்டம் மட்டுமே காத்தது என்று. விபத்து நேராத நாளிலும் இக்கணக்கைப் பார்ப்பவரே குந்தகுந்தரின் கருத்தை உள்வாங்கியவர்.

நம் நான்கு தானங்களுள் அபயதானம் ஒன்று. அஞ்சிய உயிர்க்கு அடைக்கலம் அளிப்பது அது. அதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. சாலையோரம் கடக்கத் தயங்கி நிற்கும் ஒரு மூதாட்டியைக் கண்டு வாகனத்தை நிறுத்தி, அவர் மறுபக்கம் சேரும்வரை காத்திருப்பதும் அபயதானமே. அவருக்கு நாம் யாரென்று தெரியாது. நமக்கும் அவர் பெயர் தெரியாது. ஆயினும் அரை நிமிடத்தில் ஓர் உயிரின் அச்சத்தை நீக்கிவிட்டோம். இத்தகைய வாய்ப்பை ஒவ்வொரு பயணமும் நமக்குப் பலமுறை தருகிறது. அதனை நழுவவிடாது கொள்வோமாக.

கொல்லாமை ஓங்குக!